சுண்டைக்காய் கால் பணம், சிம் கார்டு முக்கால் பணம்

2008 ஆகஸ்ட் 22. ஐஃபோன் 3ஜி இந்தியாவில் விற்பனைக்கு வந்த நாள். ஏர்டெல்லும் வோடஃபோனும் விற்றன. 8 ஜிபி போனின் விலை 31,000 ரூபாய். அதே போன் அமெரிக்காவில் 199 டாலர். அன்றைய மதிப்புக்கு எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். விடுவார்களா மக்கள்? பகல் கொள்ளை என்றார்கள், இந்தியன் என்றால் இளிச்சவாயனா என்றார்கள். அமெரிக்காவில் இருக்கும் அத்தை பையனுக்கும் சித்தப்பா பெண்ணுக்கும் மெயில் பறந்தது. "வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வந்துடு, காசு கொடுத்துடறேன்."

அத்தை பையன் என்ன பதில் எழுதியிருப்பான் என்று யோசித்தால் பாவமாக இருக்கிறது. அந்த 199 டாலர் என்பது போனின் விலையே இல்லை. அது முன்பணம். கூடவே ஏடி அண்ட் டி நிறுவனத்தோடு இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பேசுவதற்கு மாதம் குறைந்தது 39.99 டாலர், இணையத்துக்கு 30 டாலர், ஆக 70 டாலர். இருபத்துநாலு மாதத்துக்கு 1,680. போனுக்குக் கொடுத்த 199-ஐயும் சேர்த்தால் 1,879 டாலர். எஸ்எம்எஸ் இதில் அடங்காது, வரியும் அடங்காது. அன்றைய கணக்கில் எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பாட்டிகள் சொல்வது இதைத்தான்.

அமெரிக்காவில் போன் வாங்குவதும் மாத பில் கட்டுவதும் இரண்டு தனித்தனி வியாபாரங்கள். அந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு வைத்ததில்தான் எல்லா லாபமும் இருக்கிறது. முடிச்சை அவிழ்த்தவர்கள் பணத்தை மிச்சம் பிடித்தார்கள். மேல்படிப்புக்கு அங்கே போகிறவர்கள், போகப் போகிறவர்கள், போனவர்களிடம் போன் கேட்கிறவர்கள் எல்லாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

முடிச்சு எப்படிப் போடப்படுகிறது என்று பார்க்கலாம். ஒப்பந்தம் இல்லாமல் அதே ஐஃபோன் 3ஜி-க்கு ஏடி அண்ட் டி குறித்த விலை 599 டாலர். ஒப்பந்தக்காரருக்கு 199. நடுவில் இருக்கும் 400 டாலரைக் கம்பெனி தன் கையிலிருந்து போடுகிறது. தர்மமா? இருபத்துநாலு மாதத்தில் வசூலித்துக்கொள்ளும். 400-ஐ 24-ஆல் வகுத்தால் மாதம் ஏறக்குறைய பதினாறே முக்கால் டாலர் வருகிறது. ஆக, மாதா மாதம் கட்டும் 70 டாலரில் கிட்டத்தட்ட 17 டாலர் போனுக்கான தவணை. பில்லில் அப்படி ஒரு வரி இருக்காது. கடன் வாங்கியிருக்கிறோம் என்பதே கடன்காரனுக்குத் தெரியாது!

இதுவரைக்கும்கூடப் பரவாயில்லை. கையில் 600 டாலர் இல்லாத ஆளுக்குத் தவணை ஒரு உதவிதான். வயிற்றெரிச்சலான சங்கதி இருபத்தைந்தாவது மாதத்தில் வருகிறது. கடன் முடிந்துவிட்டது. பில் 53 டாலராகக் குறைய வேண்டும், இல்லையா? குறையாது. அதே 70 டாலர்தான். போனை மூன்றாவது வருடமும் பத்திரமாக வைத்துப் பயன்படுத்துகிறவர் அந்த ஒரு வருடத்தில் மட்டும் 200 டாலரைச் சும்மா கொடுக்கிறார். பொருளைப் பாதுகாத்து வைத்துக்கொள்பவருக்கு அபராதம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுசு வாங்குபவருக்குச் சலுகை. உலகத்திலேயே விசித்திரமான வட்டிக்கடை இதுவாகத்தான் இருக்கும்.

நடுவில் ஓடிப்போகலாமே என்றால் அதற்கும் வேலி உண்டு. ஒப்பந்தத்தை முறித்தால் அபராதம். ஏடி அண்ட் டி-யில் 175 டாலராக இருந்தது 2010-இல் ஸ்மார்ட்போன்களுக்கு 325 டாலர் ஆனது. வெரைசன் அதற்கு முந்தைய வருடமே 350 டாலர் என்று வைத்துவிட்டது. சரி, அபராதத்தையும் கட்டிவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போகலாம் என்றால், அங்கேதான் பூட்டு வருகிறது.

பூட்டு என்றால் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சிம் கார்டிலும் அது எந்த நாட்டின் எந்தக் கம்பெனியுடையது என்று சொல்லும் எண் இருக்கிறது. பூட்டிய போன், சிம்மைச் செருகியவுடன் அந்த எண்ணைப் படித்துப் பார்க்கும். தன்னை விற்ற கம்பெனியின் எண் என்றால் வேலை செய்யும். வேறு எண் என்றால் கதவைச் சாத்திவிடும். போனின் ரேடியோவுக்கு எந்தக் குறையும் கிடையாது, பக்கத்துக் கம்பெனியின் கோபுரத்தோடு அதுபாட்டுக்குப் பேசும். பேசாதே என்று மென்பொருளில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். (வெரைசனும் ஸ்பிரின்ட்டும் அப்போது சிடிஎம்ஏ. அந்த போன்களில் மாற்றுவதற்குச் சிம்மே கிடையாது. அது வேறு மாதிரி சிறை.)

பூட்டு என்று ஒன்று இருந்தால் அதைத் திறக்கவும் ஆள் இருப்பான். முதல் ஐஃபோன் வந்தது 2007 ஜூன் மாதக் கடைசியில். ஆகஸ்டில் நியூஜெர்சியைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயதுப் பையன் அதைத் திறந்துகாட்டினான். திறந்த போனைக் கொடுத்து ஒரு நிசான் 350இசட் காரையும் மூன்று புது ஐஃபோன்களையும் வாங்கிக்கொண்டான். ஒரு பூட்டைத் திறந்ததற்கு ஒரு கார் கிடைக்கிறது என்றால் அந்தப் பூட்டுக்குப் பின்னால் எவ்வளவு பணம் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத அத்தியாயம் சட்டம். காசு கொடுத்து வாங்கிய போனைத் திறக்கலாமா கூடாதா என்பதை அமெரிக்காவில் யார் முடிவு செய்தார்கள் தெரியுமா? தொலைத்தொடர்பு ஆணையமா? நீதிமன்றமா? அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தலைமை நூலகர்! 1998-இல் வந்த டிஜிட்டல் காப்புரிமைச் சட்டம், மென்பொருளுக்குப் போட்ட பூட்டுகளை உடைப்பது குற்றம் என்றது. பாட்டு, சினிமா திருட்டைத் தடுக்க வந்த சட்டம் அது. போனுக்குள்ளும் மென்பொருள் இருக்கிறதே, ஆகவே போனும் மாட்டிக்கொண்டது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை நூலகர் பார்த்து விதிவிலக்குக் கொடுக்கலாம். 2006-இல் கொடுத்தார், 2010-இல் நீட்டித்தார். 2012 அக்டோபரில் போதும் என்று சொல்லிவிட்டார். 2013 ஜனவரி 26-க்குப் பிறகு வாங்கும் புதுப் போனைக் கம்பெனியின் அனுமதி இல்லாமல் திறப்பது சட்டவிரோதம் ஆனது. அதையே தொழிலாகச் செய்பவருக்கு முதல் குற்றத்துக்கே ஐந்து லட்சம் டாலர் வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை. ரிச்சி தெருவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் தம்பிகள் எல்லாரும் அங்கே இருந்திருந்தால் கம்பி எண்ணியிருப்பார்கள்.

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. வெள்ளை மாளிகையின் மனுப் பக்கத்தில் 1,14,000-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு லட்சம் தாண்டினால் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அவர்களே வைத்த விதி. 2013 மார்ச்சில், மக்கள் சொல்வது நியாயம்தான் என்று பதில் வந்தது. 2014 ஆகஸ்ட் 1 அன்று ஒபாமா கையெழுத்தில் சட்டம் ஆனது. ஆனால் அந்தச் சட்டத்தை ரொம்பவும் கொண்டாட வேண்டியதில்லை. போனைத் திறந்துகொள்வது குற்றமில்லை என்றுதான் அது சொல்கிறது. பூட்டாமல் விற்க வேண்டும் என்று சொல்லவில்லை.

பூட்டில்லாத போன் பாதிக் கிணறு. மீதிப் பாதி ப்ரீபெய்டு.

இந்தியாவில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் ப்ரீபெய்டு. முதலில் காசு, பிறகு பேச்சு. யாருக்கும் யாரும் கடன் இல்லை. அமெரிக்காவில் ரொம்ப காலம் ப்ரீபெய்டு என்றால் ஒரு இளக்காரம். கடன் வாங்கத் தகுதி இல்லாதவர்கள், சினிமாவில் போதைப்பொருள் கடத்துபவர்கள் வாங்குவது என்று ஒரு நினைப்பு. அந்த இளக்காரத்தின் விலை என்ன என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். டி-மொபைல் கம்பெனியிடம் அப்போது ஒரு ப்ரீபெய்டு கார்டு இருந்தது. 100 டாலர் போட்டால் 1,000 நிமிடம், ஒரு வருடம் செல்லும். மாதத்துக்கு 80 நிமிடத்துக்குள் பேசுகிற ஆளுக்கு வருடச் செலவே 100 டாலர்! அதே ஆள் 39.99 டாலர் மாதத் திட்டத்தில் இருந்தால் வருடத்துக்கு 480. பகலெல்லாம் ஆய்வகம், ராத்திரி நூலகம், ஊருக்குப் பேசக் காலிங் கார்டு அல்லது ஸ்கைப் என்று வாழ்ந்த முதுகலை மாணவருக்கு எது பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை. (அமெரிக்காவில் அப்போது வரும் அழைப்புக்கும் நிமிடம் கழிந்தது. இந்தியாவில் 2003-லேயே இன்கமிங் இலவசம் ஆகிவிட்டது. மிஸ்டு கால் கொடுத்தே பழகியவர்களுக்கு அங்கே போனதும் முதல் அதிர்ச்சி இதுதான்.)

இந்த இரண்டு பாதியும் அழகாகப் பொருந்திய காலம் ஒன்று உண்டு. 2012 நவம்பரில் கூகிள் நெக்ஸஸ் 4 போனைப் பூட்டில்லாமல் 299 டாலருக்கு விற்றது. டி-மொபைல் ப்ரீபெய்டில் அப்போது 30 டாலர் திட்டம் ஒன்று. நூறு நிமிடம் மட்டுமே பேச்சு, ஆனால் எஸ்எம்எஸ் கணக்கில்லை, அதிவேக இணையம் 5 ஜிபி. மாணவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. இரண்டு வருடச் செலவு 299-உம் 720-உம் சேர்ந்து 1,019 டாலர். அதே வருடம் வெரைசனில் ஒற்றை ஸ்மார்ட்போனுக்கு 40, ஒரே ஒரு ஜிபி இணையத்துக்கு 50, ஆக மாதம் 90 டாலர். 199 டாலர் ஒப்பந்த போனோடு இரண்டு வருடத்துக்கு 2,359. வித்தியாசம் 1,340 டாலர். நெக்ஸஸ் 4-இல் 4ஜி எல்டிஇ அதிகாரபூர்வமாகக் கிடையாது, வெரைசனின் கவரேஜ் டி-மொபைலுக்குக் கிடையாது, எல்லாம் உண்மை. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் சிக்னல் போகும். ஆனால் அந்த 1,340 டாலரில் ஒருமுறை சென்னைக்கு வந்து அம்மா சமையலைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம்.

இங்கே ஒரு கேள்வி வரும். இத்தனை கணக்கு ஏன், நம் பசங்கதான் ஃபேமிலி பிளான் போட்டுச் சமாளித்துக்கொள்கிறார்களே? அந்த ஃபேமிலி பிளான் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

விமானத்தை விட்டு இறங்கிய மாணவருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்காது, கிரெடிட் ஹிஸ்டரி இருக்காது. ஒப்பந்தம் போடப் போனால் டெபாசிட் கேட்பார்கள். ஆகவே ஏற்கனவே ஒரு வருடம் அங்கே குப்பை கொட்டிய சீனியர் ஒருவர் பெயரில் கணக்கு. அதில் ஐந்து பேர். மதுரைக்காரர் ஒருவர், விஜயவாடா இரண்டு, புனே ஒன்று, கணக்குக்காரர் கோயம்புத்தூர். கம்பெனி ஏட்டில் இவர்கள் ஒரு குடும்பம். உலகத்தில் எந்தக் குடும்பத்திலும் இல்லாத அளவுக்கு இந்தக் குடும்பத்தில் மாதாமாதம் கணக்கு வழக்கு நடக்கும். யார் எத்தனை நிமிடம் பேசினார், யார் நிச்சயம் ஆன பெண்ணோடு பகல் நேரத்திலேயே பேசித் தீர்த்தார் (அப்போது ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் பல திட்டங்களில் இலவசம்), கூடுதல் கட்டணம் யார் தலையில் என்று எக்செல் தாள் போட்டு அலசுவார்கள்.

தலைக்கு வரும் செலவு குறைவுதான், மறுக்க முடியாது. சிக்கல் பிரியும்போது வருகிறது. படிப்பு முடிகிறது. ஒருவருக்கு டெக்ஸாஸில் வேலை, ஒருவருக்கு விசா பிரச்சினை, ஒருவர் ஊருக்கே திரும்பிவிட்டார். ஒப்பந்தத்தில் பதினோரு மாதம் பாக்கி இருக்கிறது. போனவர் முதல் இரண்டு மாதம் பணம் அனுப்புவார். மூன்றாவது மாதம் மெயிலுக்குப் பதில் வராது. கோயம்புத்தூர்க்காரர் என்ன செய்வார்? கட்டிக்கொண்டே இருக்கலாம், அல்லது அபராதம் கொடுத்து அந்த லைனை வெட்டலாம். இரண்டும் அவர் காசு. கட்டாமல் விட்டால் பாக்கி வசூல் ஏஜென்சிக்குப் போகும். கெடுவது அவருடைய கிரெடிட் ஸ்கோர். நாளைக்குக் கார் லோனுக்குப் போகும்போது அந்த வட்டியில் தெரியும். ஒரே அறையில் ஒரே சட்டியில் ரசம் சாப்பிட்டவர்கள், அறுபது டாலருக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருக்கிறார்கள். இந்தச் சண்டைக்கு ஐந்து பேரில் யாரும் காரணம் இல்லை. பிரிந்து போவது உறுதி என்று தெரிந்தவர்களை இரண்டு வருடத்துக்குக் கட்டிப்போட்ட காகிதம்தான் காரணம். ஐந்து பேரும் ஆளுக்கொரு ப்ரீபெய்டு வைத்திருந்தால் தலைக்கு மாதம் ஐந்து டாலர் அதிகம் ஆகியிருக்கலாம். நட்பு மிஞ்சியிருக்கும்.

கிரெடிட் ஸ்கோர் என்றதும் இன்னொன்று. போன் பில்லை ஒழுங்காகக் கட்டினால் ஸ்கோர் ஏறும், அதனால் போஸ்ட்பெய்டுதான் நல்லது என்று அனுபவசாலிகள் புதுசாக வருபவர்களுக்கு ஓதுவார்கள். பொதுவாக மாதாமாதம் ஒழுங்காகக் கட்டியதைப் போன் கம்பெனிகள் கிரெடிட் நிறுவனங்களுக்குச் சொல்வதில்லை. கட்டாமல் விட்டு வசூலுக்குப் போனால்தான் அது அங்கே ஏறும். ஏற்றிவிடாது, இறக்கிவிடும். ஸ்கோர் வேண்டும் என்றால் டெபாசிட் கட்டி வாங்கும் ஒரு சின்ன கிரெடிட் கார்டு போதும்.

2013 மார்ச்சில் டி-மொபைல் முடிச்சைத் தானே அவிழ்த்தது. போன் தனி, திட்டம் தனி. ஐஃபோன் 5-க்கு முதலில் 99.99 டாலர், பிறகு மாதம் 20 வீதம் இருபத்துநாலு மாதம். திட்டம் 50 டாலரில் தொடங்கும். இருபத்தைந்தாவது மாதம் அந்த 20 டாலர் பில்லிலிருந்து போய்விடும்! இத்தனை வருடம் மறைந்திருந்த வரி கடைசியில் பில்லில் அச்சாகி வந்தது. போட்டி தாங்காமல் வெரைசன் 2015-இலும், ஏடி அண்ட் டி 2016 தொடக்கத்திலும் பழைய இரண்டு வருட ஒப்பந்தத்தைக் கைவிட்டன.

பிரச்சினை தீர்ந்ததா? கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும் என்பார்கள். இங்கே தேயவில்லை, வேறு வேஷத்தில் வந்தது. இப்போது "ஐஃபோன் இலவசம்" என்று பெரிய எழுத்தில் விளம்பரம் வருகிறது. பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தால் முப்பத்தாறு மாதத் தவணை. உதாரணத்துக்கு 828 டாலர் போன் என்று வைத்துக்கொண்டால் பில்லில் மாதம் 23 டாலர் பற்று எழுதுவார்கள், அடுத்த வரியிலேயே 23 டாலர் வரவு எழுதுவார்கள். கூட்டிக் கழித்தால் பூஜ்யம், போன் இலவசம். ஒரு வருடத்தில் கம்பெனி மாறினால் வரவு எழுதுவது நின்றுவிடும், பற்று நிற்காது. பாக்கி 552 டாலரைக் கட்டினால்தான் போன் சொந்தம், பல கம்பெனிகளில் கட்டினால்தான் பூட்டும் திறக்கும். ஒப்பந்தம் என்ற வார்த்தையையே யாரும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? இரண்டு வருடமாக இருந்த கட்டு மூன்று வருடம் ஆகியிருக்கிறது. அதற்கு விடுதலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெரிய சலுகைகளுக்கு விலை கூடிய அன்லிமிடெட் திட்டத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. 2024-இல் வெரைசனின் அன்லிமிடெட் திட்டங்கள் ஒற்றை ஆளுக்கு, வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கட்டும் தள்ளுபடி போக, 65 முதல் 90 டாலர் வரை. குறைந்த 65-ஐயே எடுத்துக்கொள்வோம். முப்பத்தாறு மாதத்துக்கு 2,340 டாலர், போன் இலவசம். அந்தப் பக்கம் கூகிளின் பிக்சல் 8ஏ, பூட்டில்லாதது, 499 டாலர். மின்ட் மொபைல் ப்ரீபெய்டில் வருடம் முழுவதற்கும் மொத்தமாகக் கட்டினால் 5 ஜிபி மாதம் 15 டாலர், முப்பத்தாறு மாதத்துக்கு 540. இரண்டும் சேர்ந்து 1,039. இலவச போனுக்குக் கொடுக்கும் அதிகப்படி 1,301 டாலர், ரூபாயில் லட்சத்தைத் தாண்டுகிறது. மாதம் 5 ஜிபி போதுமா என்றால், வீட்டிலும் கல்லூரியிலும் வைஃபை இருக்கிறவருக்குத் தாராளமாகப் போதும். பேருந்தில் போகும்போது படம் பார்த்தே தீருவேன் என்பவருக்குப் போதாது.

மின்ட் மாதிரி கம்பெனிகளுக்குச் சொந்தமாகக் கோபுரம் கிடையாது. பெரிய கம்பெனியிடம் மொத்த விலைக்கு வாங்கிச் சில்லறைக்கு விற்பவர்கள். கோபுரம் அதே கோபுரம், சிக்னலும் அதே சிக்னல். ஆனால் கூட்டம் சேர்ந்தால் வரிசையில் பின்னால் நிற்க வைப்பார்கள். ஃபுட்பால் மைதானம், விமான நிலையம், திருவிழாக் கூட்டம் மாதிரி இடங்களில் பெரிய கம்பெனியின் போஸ்ட்பெய்டு வாடிக்கையாளருக்கு வேகம் முதலில், சில்லறைக் கம்பெனிக்காரருக்கு மிச்சம் மீதி. கடை கிடையாது, குறை சொல்ல இணையத்தில் சாட் பண்ண வேண்டும். இந்த அசௌகரியத்துக்கு 1,301 டாலர் கொடுப்பது தகும் என்று நினைப்பவர்கள் கொடுக்கட்டும். நிஜமான குடும்பம், நான்கு லைன், ஐந்து லைன், பத்து வருடம் அதே ஊரில்தான் என்பவர்களுக்கு போஸ்ட்பெய்டு மோசமில்லை. லைன் கூடக் கூடத் தலைக்கு வரும் விலை நன்றாகவே இறங்கும். ஒற்றை ஆளுக்கும், எப்போது எங்கே போவோம் என்று தெரியாத ஆளுக்கும்தான் அது குழி.

இன்னொரு கவலையும் இருக்கிறது. சில்லறைக் கடைகளை மொத்த வியாபாரிகளே வாங்கிவிட்டார்கள். கிரிக்கெட் வயர்லெஸ் 2014-இல் ஏடி அண்ட் டி கைக்குப் போனது. டிராக்ஃபோனை 2021-இல் வெரைசன் வாங்கியது. மின்ட்டை 2024 மே மாதம் டி-மொபைல் வாங்கியது. ஸ்பிரின்ட் 2020-லேயே டி-மொபைலில் கரைந்துவிட்டது. நான்கு பெரிய கம்பெனிகள் மூன்று ஆகி, மலிவு விலைக் கடைகளின் சாவியும் அந்த மூவரிடமே இருக்கும்போது அந்த மலிவு எத்தனை நாளைக்கு? பூட்டில்லாத போன் வைத்திருப்பவர்கள் விலை ஏறிய அன்றே வேறு கடைக்கு நகர முடியும். அப்படி நகரக்கூடியவர்கள் நிறையப் பேர் இருக்கும்வரைதான் விலை அடங்கி இருக்கும்.

சென்னையிலிருந்து போனைக் கையோடு கொண்டுபோகலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. கொண்டுபோகலாம், ஆனால் பூட்டில்லை என்பது மட்டும் போதாது. அமெரிக்கக் கம்பெனிகள் பயன்படுத்தும் அலைவரிசைகள் சில இந்தியாவுக்கு விற்கும் மாடல்களில் இருக்காது. நகரத்துக்குள் ஓடும், கட்டிடத்துக்கு உள்ளேயும் கிராமப்புறத்திலும் தடுமாறும். ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியில் 3ஜி-யை மூடியபோது, தன்னுடைய பட்டியலில் இல்லாத மாடல்களில் பேச்சு வசதியை நிறுத்திவிட்டது. எல்டிஇ-யில் பேசக்கூடிய போனாகவே இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் கிடையாது. கிளம்புவதற்கு முன்னால் போனில் ஸ்டார் ஹாஷ் 06 ஹாஷ் அழுத்தி ஐஎம்இஐ எண்ணை எடுத்து, சேரப்போகும் கம்பெனியின் தளத்தில் போட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

அங்கிருந்து இங்கே வரும் போனுக்கும் இதே மாதிரி சோதனை உண்டு. அத்தை பையன் தவணை முடியாத "இலவச" ஐஃபோனைப் பாசத்தோடு தூக்கிக்கொண்டு வந்தால், ஜியோ சிம்மோ ஏர்டெல் சிம்மோ போட்டதும் 'சிம் நாட் சப்போர்ட்டட்' என்று பல்லை இளிக்கும். ஐஃபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய்க் கீழே பார்த்தால் 'கேரியர் லாக்' என்று ஒரு வரி. அதற்கு எதிரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால்தான் பூட்டில்லை. அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிட்டுப் பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம். 2022 செப்டம்பரில் வந்த ஐஃபோன் 14-லிருந்து அமெரிக்காவில் விற்பவற்றில் சிம் செருகும் இடமே கிடையாது, எல்லாம் இ-சிம். பத்து வருடமாக ஒரே பிளாஸ்டிக் சிம்மை மாற்றி மாற்றிப் போட்டு வரும் அப்பாவுக்குப் பரிசாக வாங்குகிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்வது நல்லது.